வீட்டு வேலிடேட்டர் நோட் மக்கர் செய்தால்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

எத்தீரியம் வேலிடேட்டரை (ஈதர் பணயம் வைத்து பிளாக்குகளைச் சரிபார்த்து ஓட்டுப் போடும் நிரலை) வீட்டில் ஒரு மினி பிசியில், உபுண்டு சர்வர் போட்டு, சிஸ்டம்டி சேவைகளாக ஓட்டுபவர்களுக்கான வழிமுறை இது. டாக்கரில் ஓட்டினாலும் பெரும்பாலானவை பொருந்தும்.

எத்தீரியம் மைனிங்கை விட்டு ஸ்டேக்கிங்குக்கு மாறிய, 2022 செப்டம்பர் 15 அன்று நடந்த மெர்ஜுக்குப் பிறகு ஒரு வேலிடேட்டர் பெட்டியில் மூன்று நிரல்கள் ஓடுகின்றன. பரிவர்த்தனைகளைச் செயல்படுத்துவது எக்ஸிகியூஷன் கிளையன்ட்: கெத், நெதர்மைண்ட், பேசு, எரிகான், ரெத் போன்றவை. சங்கிலியின் தலை எது என்று சொல்வது கன்சென்சஸ் கிளையன்ட்: லைட்ஹவுஸ், பிரிசம், டெக்கு, நிம்பஸ், லோட்ஸ்டார். சாவிகளை வைத்துக் கையெழுத்திடுவது வேலிடேட்டர் கிளையன்ட். கீழே உள்ள நிரல் நின்றால் மேலே உள்ளதும் முனகும். அதனால் முதலில் கண்ணில் படும் எர்ரர் பெரும்பாலும் காரணமாக இருக்காது, விளைவாகத்தான் இருக்கும். கடிகாரம், டிஸ்க், எக்ஸிகியூஷன், கன்சென்சஸ், வேலிடேட்டர் என்று அடியிலிருந்து மேலே ஏறிப் பாருங்கள்.

கை வைப்பதற்கு முன்

நோட் நின்றுவிட்டால் பதறவேண்டாம். ஒரு அட்டெஸ்டேஷன் (வேலிடேட்டர் போடும் ஓட்டு) தவறினால் விழும் தண்டம், அது சரியாகப் போயிருந்தால் கிடைத்திருக்கும் வருமானத்தில் சுமார் முக்கால் பங்குதான். ஒரு நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தாலும், அடுத்த ஒரு நாளுக்குள் இருப்பு பழைய இடத்துக்கு வந்துவிடும். நெட்வொர்க் மொத்தமும் ஃபைனாலிட்டி (பிளாக்குகள் இனி மாறாது என்ற உறுதி) இழந்து தவிக்கும் அரிதான நேரத்தில் மட்டும் இந்தக் கணக்கு மாறும்.

உண்மையில் பயப்படவேண்டியது ஸ்லாஷிங், அதாவது முரணாகக் கையெழுத்திட்டதற்கான தண்டனை. வீட்டில் ஓட்டுபவருக்கு அது ஏறக்குறைய ஒரே வழியில்தான் வரும்: ஒரே சாவி ஒரே நேரத்தில் இரண்டு மெஷினில் ஓடுவது. "பழைய பெட்டி செத்துவிட்டது, பேக்கப்பில் ஓட விடுகிறேன்" என்று அவசரப்பட்டுச் செய்யும் காரியம் இது. 2025 மே 7 அன்று வந்த பெக்ட்ரா என்ற நெட்வொர்க் மேம்பாட்டுக்குப் பிறகு 32 ஈதர் வைத்திருப்பவருக்கு முதல் வெட்டு 0.0078 ஈதர் அளவுக்குக் குறைந்திருக்கிறது. ஆனால் அந்த வேலிடேட்டர் நிரந்தரமாக வெளியேற்றப்படும், பணம் சுமார் 36 நாள் பூட்டப்பட்டுக் கிடக்கும், அதே சமயத்தில் வேறு பலரும் ஸ்லாஷ் ஆகியிருந்தால் இன்னொரு பெரிய வெட்டும் விழும். ஆகவே, தற்காலிகத் தீர்வு என்று சொல்லிச் சாவிகளை வேறெங்கும் ஏற்றாதீர்கள்.

அறிகுறி: எக்ஸிகியூஷன் கிளையன்ட் ஓடுகிறது, ஆனால் சிங்க் (சங்கிலியோடு ஒத்திசைவது) தொடங்கவே இல்லை

கெத் லாக்கில் "பீக்கன் கிளையன்ட் எதையும் காணவில்லை" என்ற பொருளில் ஒரே வரி திரும்பத் திரும்ப வரும்; பீக்கன் கிளையன்ட் என்பது கன்சென்சஸ் கிளையன்ட்தான். இது கோளாறே அல்ல. மெர்ஜுக்குப் பிறகு எக்ஸிகியூஷன் கிளையன்ட் தனியாக சிங்க் ஆகாது; எந்த பிளாக் வரை போகவேண்டும் என்று கன்சென்சஸ் கிளையன்ட் சொல்லவேண்டும். பழைய வழிகாட்டிகளில் "முதலில் கெத் முழுதாக சிங்க் ஆகட்டும், பிறகு மற்றதை நிறுவுங்கள்" என்று இருக்கும். அதைப் பின்பற்றினால் எவ்வளவு காத்திருந்தாலும் பயனில்லை. இரண்டையும் சேர்த்தே ஓட்டுங்கள்.

கன்சென்சஸ் பக்கம் செக்பாயிண்ட் சிங்க் (சமீபத்திய, நம்பகமான ஒரு நிலையிலிருந்து தொடங்குவது) முகவரி கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். கொடுத்திருந்தால் சில நிமிடங்களில் தலைக்கு வந்துவிடும். கொடுக்காவிட்டால் ஆதி பிளாக்கிலிருந்து நாள்கணக்கில் ஊரும், அது பாதுகாப்பானதும் அல்ல. செக்பாயிண்ட்டில் எடுத்த பிளாக் ரூட்டை வேறு இரண்டு பொது எக்ஸ்ப்ளோரர்களில் ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: "எக்ஸிகியூஷன் எண்ட்பாயிண்ட்டைத் தொட முடியவில்லை"

இந்த ஒரே புலம்பலுக்குள் மூன்று வேறு நோய்கள் இருக்கின்றன. வரியின் கடைசியில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் முக்கியம்.

கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட் என்றால் 8551 போர்ட்டில் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. எக்ஸிகியூஷன் சேவை ஓடுகிறதா என்று சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸில் பாருங்கள். டாக்கர் என்றால் காரணம் பெரும்பாலும் முகவரிதான்: ஒரு கண்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்பது அந்தக் கண்டெய்னரையே குறிக்கும், பக்கத்துக் கண்டெய்னரை அல்ல. அங்கே மற்றச் சேவையின் பெயரைக் கொடுக்கவேண்டும். கூடவே எக்ஸிகியூஷன் கிளையன்ட்டில் அனுமதிக்கப்பட்ட ஹோஸ்ட் பெயர்ப் பட்டியலிலும் அந்தப் பெயரைச் சேர்க்கவேண்டும்.

401 என்றால் ஜேடபிள்யூடி ரகசியம் (இரண்டு கிளையன்ட்டும் ஒன்றையொன்று அடையாளம் காணப் பகிர்ந்துகொள்ளும் ரகசிய எண்) பொருந்தவில்லை. இரண்டு கிளையன்ட்டும் ஒரே கோப்பைப் படிக்கவேண்டும்; அதில் 32 பைட், அதாவது 64 ஹெக்ஸ் எழுத்துகள் இருக்கவேண்டும். பாதை கொடுக்காவிட்டால் கெத் தன் டேட்டா கோப்புறைக்குள் தானே ஒரு ரகசியத்தை உருவாக்கிக்கொள்ளும். நீங்கள் வேறிடத்தில் ஒன்றை உருவாக்கி கன்சென்சஸுக்கு மட்டும் காட்டியிருந்தால் இரண்டும் ஒட்டாது. கோப்பு சரியாக இருந்தும் 401 வந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். டோக்கனில் உள்ள நேரம் 60 நொடிக்கு மேல் விலகியிருந்தால் எக்ஸிகியூஷன் கிளையன்ட் நிராகரித்துவிடும். இரண்டு கிளையன்ட்டையும் இரண்டு மெஷினில் வைத்திருப்பவர்கள் இதில்தான் மாட்டுவார்கள். கோப்பைப் படிக்கவே முடியவில்லை என்றால் அனுமதிப் பிரச்சினை: கோப்பு ரூட் பெயரிலும் சேவை வேறு பயனர் பெயரிலும் இருக்கும்.

டைம்அவுட் என்றால் இணைப்பு சரி, ரகசியமும் சரி, எக்ஸிகியூஷன் கிளையன்ட் மூச்சுத் திணறுகிறது என்று பொருள். அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி: சிங்க் 99 சதவீதத்தில் நிற்கிறது, முடிவதே இல்லை

கெத்தில் இதன் முகம் தெளிவாகத் தெரியும். பிளாக்குகள் எல்லாம் இறங்கி முடிந்திருக்கும். பிறகு "ஸ்டேட் ஹீல் இன் ப்ராக்ரஸ்" என்ற வரி வந்துகொண்டே இருக்கும். அதில் அக்கவுண்ட் எண்ணிக்கையும் ஸ்லாட் (ஸ்டோரேஜ் அறை) எண்ணிக்கையும் ஏறும். பெண்டிங் என்ற எண் குறைவதுபோல் தெரிந்து மறுபடி கூடும். நல்ல டிஸ்கில் இந்தக் கட்டம் சில மணி நேரத்தில் முடியும். மட்டமான டிஸ்கில் நாட்கணக்கில் இழுக்கும்.

காரணம் இதுதான்: இந்தக் கட்டம் நடக்கும்போதும் சங்கிலி 12 நொடிக்கு ஒரு பிளாக் வீதம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு பிளாக்கும் ஸ்டேட் மரத்தில் (எல்லாக் கணக்குகளின் தற்போதைய நிலையை வைத்திருக்கும் அமைப்பு) பல முனைகளை மாற்றுகிறது. நீங்கள் சரிசெய்யும் வேகத்தைவிட மாறும் வேகம் அதிகமானால் ஒருநாளும் எட்டிப் பிடிக்கமாட்டீர்கள். இன்டர்நெட் வேகத்தைக் கூட்டிப் பயனில்லை. இங்கே வேண்டியது சிறு சிறு துண்டுகளைத் தாறுமாறான இடங்களிலிருந்து படித்து எழுதும் திறன். டிஸ்க் பெட்டியில் அச்சடித்திருக்கும் "நொடிக்கு இத்தனை ஆயிரம் எம்பி" என்ற எண் அதைப் பற்றி எதுவும் சொல்லாது.

சோதிக்க எஃப்ஐஓ கருவி போதும். மூன்று சேவைகளையும் நிறுத்துங்கள். 4 கேபி துண்டு, ரேண்டம் படிப்பும் எழுத்தும் கலந்தது, படிப்பு 75 சதவீதம், டைரக்ட் ஐஓ, க்யூ ஆழம் 64 என்று வைத்து ஓட்டுங்கள். சோதனைக் கோப்பு சிறிதாக இருந்தால் டிஸ்கின் கேஷே பதில் சொல்லிவிடும். 100 ஜிபிக்கு மேல் கொடுத்தால்தான் குட்டு வெளிப்படும். படிப்பில் நொடிக்கு 15,000 செயல்களும் எழுத்தில் 5,000 செயல்களும் தேறினால் டிஸ்க் மீது குற்றமில்லை. அதற்குக் கீழே என்றால் எந்த செட்டிங்கை மாற்றினாலும் தீராது.

தேறாத டிஸ்க்குகள் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்று: க்யூஎல்சி வகை (மலிவான, மெதுவான ஃபிளாஷ்), சொந்த டிராம் (கேஷ் நினைவகம்) இல்லாதது, யுஎஸ்பி பெட்டியில் மாட்டியது, சுழலும் ஹார்ட் டிஸ்க். டிஎல்சி வகை, டிராம் உள்ள என்விஎம்ஈ வாங்குங்கள். 2 டிபி குறைந்தபட்சம். புதிதாக வாங்குபவர் 4 டிபி வாங்குவதுதான் புத்தி.

நல்ல டிஸ்க்கும் சூடானால் படுத்துவிடும். மினி பிசியின் இண்டு இடுக்கில், ஹீட்சிங்க் இல்லாமல் மாட்டிய என்விஎம்ஈ சிங்க் நேரத்தில் 70 டிகிரியைத் தாண்டும், தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். என்விஎம்ஈ ஸ்மார்ட் லாக் கட்டளையில் வெப்பநிலையையும், எச்சரிக்கை வெப்பத்தில் கழித்த நிமிடங்களையும் பாருங்கள். அந்த நிமிட எண் ஏறிக்கொண்டே போனால் ஹீட்சிங்க் ஒட்டுங்கள்.

அறிகுறி: 2 டிபி டிஸ்க் போட்டும் "இடமில்லை" என்கிறது

உபுண்டு சர்வர் நிறுவியின் வேலை இது. எல்விஎம்மோடு நிறுவும்போது டிஸ்க் முழுவதையும் கொடுக்காமல் ரூட்டுக்கு 100 ஜிபி மட்டும் ஒதுக்கிவிடும். டிஎஃப் கட்டளை 100 ஜிபியை மட்டும், எல்எஸ்பிஎல்கே முழு டிஸ்கையும் காட்டினால் இதேதான். எல்விஎக்ஸ்டெண்ட் கட்டளையில் மீதி இடம் 100 சதவீதத்தையும் ரூட் வால்யூமுக்குக் கொடுத்து, பிறகு ரீசைஸ்2எஃப்எஸ் ஓட்டுங்கள். மெஷினை நிறுத்தவேண்டியதில்லை, ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

உண்மையாகவே நிரம்பியிருந்தால்: மெர்ஜுக்கு முந்தைய பிளாக் வரலாற்றை நீக்கும் வசதி 2025 ஜூலை முதல் எல்லா முக்கிய எக்ஸிகியூஷன் கிளையன்ட்களிலும் இருக்கிறது. 300 முதல் 500 ஜிபி வரை மிச்சமாகும். வேலிடேட்டர் வேலைக்கு அந்த வரலாறு தேவையில்லை.

அறிகுறி: சேவை தானாகச் செத்து மறுபடி எழுகிறது, ஒவ்வொரு முறையும் பழைய பிளாக்கிலிருந்து தொடங்குகிறது

முதலில் கர்னல் லாக்கில் "அவுட் ஆஃப் மெமரி" என்று தேடுங்கள். இருந்தால் ரேம் போதவில்லை. 16 ஜிபியில் இழுத்துப் பிடித்து ஓட்டலாம். ஆனால் பேசு, டெக்கு இரண்டுமே ஜாவா, இரண்டையும் ஒன்றாகப் போட்டால் ஹீப் அளவுக்குக் கட்டாயம் கடிவாளம் போடவேண்டும். 32 ஜிபி போட்டால் இந்தத் தொல்லை தீரும். ஸ்வாப்பைப் பெருக்குவது மருந்தல்ல. கொலையைத் தள்ளிப்போடும், பதிலுக்கு அட்டெஸ்டேஷனைத் தாமதமாக்கும்.

ரேம் சரி, நீங்களே ரீஸ்டார்ட் செய்யும்போதுதான் பின்னுக்குப் போகிறது என்றால் சிஸ்டம்டியைப் பாருங்கள். நிறுத்தச் சொல்லி 90 நொடியில் நிற்காத சேவையை அது கொன்றுவிடும். கெத் தன் நினைவில் உள்ள ஸ்டேட்டை டிஸ்கில் எழுதி முடிக்க சில நேரம் அதைவிட அதிகம் பிடிக்கும். சேவைக் கோப்பில் டைம்அவுட்ஸ்டாப்செக் மதிப்பை 600 ஆக்கி, டீமன்ரீலோட் கொடுங்கள்.

மின்சாரம் போய் வந்தபின் பெட்டி எழுந்தும் நோட் எழவில்லையா? சேவையை ஸ்டார்ட் செய்திருப்பீர்கள், எனேபிள் செய்திருக்கமாட்டீர்கள். பெட்டியே எழவில்லையென்றால் பயாஸில் "மின்சாரம் திரும்பியதும் இயங்கு" என்ற அமைப்பைப் போடுங்கள். யுபிஎஸ் வைத்தால் ரவுட்டரையும் அதில் சேருங்கள். இன்டர்நெட் இல்லாத வேலிடேட்டருக்கு மின்சாரம் இருந்து என்ன பயன்.

அறிகுறி: பீர்கள் (நம்மோடு இணையும் மற்ற நோட்கள்) வரவில்லை, அல்லது ஐந்தாறுக்கு மேல் ஏறவில்லை

ஒரே ஒரு பீர்கூட இல்லையென்றால் தவறான நெட்வொர்க்கில் இருக்கிறீர்களா என்று பாருங்கள். பழைய வழிகாட்டிகள் கோர்லி, ஹோலெஸ்கி என்று சொல்லும், அவை கைவிடப்பட்டவை. இன்று வேலிடேட்டர் பழகுவதற்கான சோதனை நெட்வொர்க் 2025 மார்ச்சில் தொடங்கிய ஹூடி. அதை இரண்டு கிளையன்ட்டிலும் சொல்லவேண்டும். கெத்துக்கு எதுவும் சொல்லாவிட்டால் அது மெயின்நெட் என்றே எடுத்துக்கொள்ளும், கன்சென்சஸ் ஹூடியில் இருக்கும், இரண்டும் முட்டிக்கொள்ளும். பல மாதம் நன்றாக ஓடிய நோட் திடீரென ஒரு பிளாக்கில் நின்று பீர்களை இழந்தால் ஹார்ட் ஃபோர்க் (எல்லோரும் புதுப்பித்தாகவேண்டிய விதி மாற்றம்) ஒன்றைத் தவறவிட்டிருப்பீர்கள். பெக்ட்ரா, பிறகு 2025 டிசம்பர் 3 ஃபுசாகா போன்ற ஒவ்வொன்றுக்கும் முன்பே இரண்டு கிளையன்ட்டையும் புதுப்பித்திருக்கவேண்டும். இப்போது புதுப்பித்தும் நகரவில்லையென்றால் கன்சென்சஸ் தரவை மட்டும் அழித்து செக்பாயிண்ட்டிலிருந்து தொடங்குங்கள். வேலிடேட்டர் கோப்புறையைத் தொடாதீர்கள்.

சில பீர்கள் மட்டும் இருக்கின்றன என்றால் போர்ட் பிரச்சினை. ரவுட்டரில் திறக்கவேண்டியவை: கெத்துக்கு 30303 டிசிபி, யுடிபி இரண்டும், லைட்ஹவுஸுக்கு 9000 டிசிபி, யுடிபி, கூடவே 9001 யுடிபி, பிரிசத்துக்கு 13000 டிசிபி, 12000 யுடிபி. யுடிபியை மறப்பதுதான் வழக்கமான பிழை. மெஷினில் உள்ள யுஎஃப்டபிள்யூவிலும் இவற்றைத் திறக்கவேண்டும். 8545, 8551, 5052 மூன்றையும் வெளியே திறக்கவே கூடாது.

எல்லாம் திறந்தும் வேலை செய்யவில்லையென்றால் ரவுட்டர் காட்டும் வான் முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் தொடங்கினால் உங்கள் சேவை நிறுவனம் பலரை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. நீங்கள் போர்ட் திறப்பது பயனற்றது. பொது முகவரி கேட்டு வாங்குங்கள், அல்லது இருக்கும் பீர்களோடு ஓட்டுங்கள். வெளியே போகும் இணைப்புகள் மட்டும் வைத்தும் வேலிடேட்டர் ஓடும்.

நோட் போட்டதும் வீட்டு இன்டர்நெட் தவழ ஆரம்பித்தால் ரவுட்டரின் இணைப்பு அட்டவணை நிரம்பியிருக்கும். கெத்தின் இயல்பான 50 பீரை 25 ஆக்குங்கள்.

அறிகுறி: வேலிடேட்டர் ஆக்டிவ், ஆனால் அட்டெஸ்டேஷன்கள் விட்டுவிட்டுத் தவறுகின்றன

எக்ஸ்ப்ளோரரில் "தவறியது" என்பதோடு நிற்காமல் எந்த ஓட்டு தவறியது என்று பாருங்கள். ஒரு அட்டெஸ்டேஷனில் மூன்று ஓட்டுகள் உள்ளன: சோர்ஸ் (ஏற்கெனவே உறுதியான செக்பாயிண்ட்), டார்கெட் (அடுத்து உறுதியாகவேண்டிய செக்பாயிண்ட்), ஹெட் (சங்கிலியின் தலை). வருமானத்தின் 64 பங்கில் இவற்றுக்கு முறையே 14, 26, 14. ஹெட் ஓட்டு சரியாக இருப்பதோடு அடுத்த ஸ்லாட்டிலேயே (ஒரு பிளாக்குக்கான 12 நொடி இடைவெளி) பிளாக்கில் ஏறவேண்டும். சோர்ஸுக்கு 5 ஸ்லாட் அவகாசம். டார்கெட்டுக்கு, 2024 மார்ச்சில் வந்த டெனெப்புக்குப் பிறகு, அடுத்த எபாக் (32 ஸ்லாட்) முடியும்வரை அவகாசம்.

மூன்றும் போயிருந்தால் அந்த நேரத்தில் நோட் ஓடவில்லை, அல்லது எக்ஸிகியூஷன் பின்தங்கி கன்சென்சஸ் "ஆப்டிமிஸ்டிக்" நிலையில் (பிளாக்குகளை முழுதாகச் சரிபார்க்காமல் பின்தொடரும் நிலை) இருந்திருக்கிறது. அந்த நிலையில் வேலிடேட்டர் கையெழுத்திடாது, அது பாதுகாப்புக்காகத்தான். டார்கெட் கிடைத்து மற்ற இரண்டும் போயிருந்தால் ஓட்டு சரி, வெளியே போய்ச்சேரத் தாமதம்: பீர் அல்லது அப்லோட் பிரச்சினை. ஹெட் மட்டும் அடிக்கடி போனால் பிளாக் உங்களுக்குத் தாமதமாக வருகிறது. எப்போதாவது ஒன்றிரண்டு ஹெட் தவறுவதை விட்டுவிடுங்கள். பிளாக் போட்டவரே தாமதமாகப் போட்டிருப்பார், அதற்கு நீங்கள் செய்ய ஒன்றுமில்லை.

12 நொடி ஸ்லாட்டில் 4ஆவது நொடிக்குள் பிளாக் வந்து, சரிபார்க்கப்பட்டு, தலையாக ஏறியிருக்கவேண்டும். லைட்ஹவுஸ் இதைத் தவறவிடும்போது "டிலேய்ட் ஹெட் பிளாக்" என்று எழுதி, எந்தக் கட்டத்தில் எத்தனை மில்லி நொடி போனது என்று பிரித்துக் காட்டும். பிளாக்கைப் பார்த்த நேரமே 3,500 என்றால் தாமதம் வெளியே நடந்தது. பார்த்தது 1,500, ஆனால் எக்ஸிகியூஷன் மட்டும் 2,500 தின்றிருக்கிறது என்றால் உங்கள் டிஸ்க் அல்லது சிபியு. இந்த ஒரு வரியைப் படிக்கப் பழகினால் பாதி ஊகங்கள் மிச்சம்.

கடிகாரத்தையும் பாருங்கள். அது விலகினால் ஹெட் ஓட்டுகள் சரியலாம். டைம்டேட்சிடிஎல் "ஒத்திசைந்தது: ஆம்" என்று சொல்வது போதாது, எவ்வளவு விலகல் என்று அது சொல்லாது. க்ரோனி நிறுவி, அதன் டிராக்கிங் கட்டளையில் விலகலைப் பாருங்கள். சில மில்லி நொடிகள்தான் இருக்கவேண்டும். பழைய மினி பிசியில் சிஆர்2032 பேட்டரி செத்திருந்தால், மின்சாரம் போய் வந்ததும் வருடமே தவறாக இருக்கும். சான்றிதழ்கள் செல்லாமல் செக்பாயிண்ட் சிங்க்கூடத் தோற்கும்.

தினமும் ஒரே நேரத்தில் தவறினால் உங்கள் வீட்டு அட்டவணையைப் பாருங்கள். போட்டோ பேக்கப் அப்லோடை அடைத்துக்கொள்ளும் நேரமாக இருக்கும்.

அறிகுறி: சாவிகளை ஏற்றியும் வேலிடேட்டர் வேலை செய்யவில்லை

பெண்டிங் என்றால் வரிசையில் நிற்கிறீர்கள். ஒரு எபாக்குக்கு 256 ஈதர்தான் உள்ளே போகும்; நாளுக்கு 225 எபாக், ஆக 57,600 ஈதர். உங்களுக்கு முன்னால் உள்ள ஈதரை அந்த எண்ணால் வகுத்தால் நாட்கள் கிடைக்கும்.

ஆக்டிவ் ஆகியும் புதிதாகத் தொடங்கிய முதல் 15, 20 நிமிடம் அமைதியாக இருந்தால் டாப்பல்கேங்கர் பாதுகாப்பு வேலை செய்கிறது. உங்கள் சாவி வேறெங்காவது ஓடுகிறதா என்று இரண்டு மூன்று எபாக் காத்திருந்து பார்க்கும். அதை அணைக்காதீர்கள். கடவுச்சொல் தவறு என்று வந்தால், கடவுச்சொல் கோப்பின் கடைசியில் இடைவெளியோ வெற்று வரியோ ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். லாக் கோப்பு இருக்கிறது என்று லைட்ஹவுஸ் மறுத்தால், வேறு வேலிடேட்டர் ப்ராசஸ் ஓடவில்லை என்பதை உறுதிசெய்த பிறகே அந்தக் கோப்பை நீக்குங்கள்.

பழைய மெஷினிலிருந்து மாற்றுகிறீர்கள் என்றால் வரிசை இதுதான்: பழையதில் வேலிடேட்டர் சேவையை நிறுத்தி, டிஸேபிள் செய்யுங்கள். ஸ்லாஷிங் பாதுகாப்புத் தரவை ஜேசான் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். பழையதிலிருந்து சாவிகளை அழியுங்கள். எக்ஸ்ப்ளோரரில் குறைந்தது இரண்டு எபாக் தவறியதைக் கண்ணால் பாருங்கள். பிறகே புதியதில் சாவிகளையும் ஜேசானையும் இறக்குங்கள். டிஸேபிள் செய்யாமல் விட்ட பழைய பெட்டியை யாரோ பிளக்கில் சொருகினால் போதும், ஸ்லாஷிங் தயார்.

அறிகுறி: பிளாக் போடும் முறை வந்து தவறிப்போனது

10 லட்சம் வேலிடேட்டர்கள் இருந்தால் ஒருவருக்கு முறை வருவது சராசரியாக 139 நாளுக்கு ஒரு தடவை, அதனால் வலிக்கும். தண்டம் கிடையாது, வருமானம் மட்டும் போகும். எம்இவி பூஸ்ட் (வெளியாரிடமிருந்து தயாரான பிளாக்கை வாங்கும் நிரல்) வைத்திருந்தால் அதன் 18550 போர்ட் பதில் தருகிறதா, அந்த பிளாக்குகளைத் தரும் ரிலேக்களின் முகவரிகள் அதே நெட்வொர்க்குக்கு உரியவையா என்று பாருங்கள். பிளாக் போய் டிப் (பரிவர்த்தனைக் கட்டண வருமானம்) மட்டும் வரவில்லையென்றால் ஃபீ ரெசிபியண்ட் முகவரியைப் பாருங்கள். டிப் வேலிடேட்டர் இருப்பில் சேராது, அந்த முகவரிக்குத்தான் நேராகப் போகும்.

அறிகுறி: வித்ட்ராவல் வருவதில்லை

வித்ட்ராவல் சான்றின் முதல் இரண்டு எண்களைப் பாருங்கள். 00 என்றால் எக்ஸிகியூஷன் முகவரி இன்னும் கட்டப்படவில்லை, நிமோனிக் (சாவிகளை உருவாக்கிய சொல் தொடர்) வைத்து 01க்கு மாற்றவேண்டும். 01 என்றால் 32 ஈதருக்கு மேலுள்ளது தானாக வரும். ஒரு சுற்று வர சில நாட்கள் ஆகும். 02 என்றால் 2,048 ஈதரைத் தாண்டும்வரை தானாக எதுவும் வராது, எல்லாம் இருப்பிலேயே சேரும். வேலிடேட்டர்களை ஒன்றாக்கிய பிறகு "வருமானம் நின்றுவிட்டது" என்று தேடுபவர்களில் பலருக்கு விடை இதுதான். பணம் வேண்டுமென்றால் வித்ட்ராவல் முகவரியிலிருந்தே கோரிக்கைப் பரிவர்த்தனை அனுப்பவேண்டும். 32 ஈதருக்கு மேல் உள்ள பகுதியை மட்டும் அப்படி எடுக்கலாம்.